ஆகஸ்டில் காய்ந்து கிடக்கும் நிலத்துக்கு 'வடிகால் குறைந்த மண்' என்று பெயர் ஏன்?

வாசகர் கேள்வி: வட கரோலினாவின் கிழக்கே, கடலோரச் சமவெளியில் எட்டு ஏக்கர் நிலம் வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். வீடு கட்டி, காய்கறித் தோட்டமும் பழமரங்களும் வைக்க ஆசை. இணையத்தில் கிடைக்கும் அரசு மண் வரைபடத்தில் பார்த்தால் நிலத்தின் பெரும்பகுதி 'ரெயின்ஸ்' மண்; ஓடைப்பக்கம் ஒரு துண்டு மட்டும் 'கோல்ட்ஸ்போரோ'. ரெயின்ஸ் மண்ணுக்கு நேரே 'வடிகால் குறைந்தது' என்றும், 'ஃபைன்-லோமி, சிலிசியஸ், செமிஆக்டிவ், தெர்மிக் டிபிக் பேலியாக்வல்ட்ஸ்' என்றும் எழுதியிருக்கிறது. ஆகஸ்டில் மூன்றடி தோண்டினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேலே கறுப்பு, ஓரடிக்குக் கீழே சாம்பல் நிறம், நடுநடுவே துருப்பிடித்தாற்போல் திட்டுகள். விற்பவர் "வரைபடம் பழையது" என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா கட்டியைக் கையில் உடைத்துப் பார்த்து, "இது வயல் மண், ஓதம் காத்த மண்" என்கிறார். யார் சொல்வது சரி? அந்த நீண்ட பெயருக்கு என்ன பொருள்? இந்த நிலத்தை வாங்கலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அப்பா சொன்னதுதான் சரி. அவர் மண்ணின் நிறத்தைப் பார்த்துச் சொன்னதை, மண் அளவையாளர்கள் லத்தீனும் கிரேக்கமும் கலந்து நீளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பேசும் பொருள் ஒன்றுதான். நீங்கள் தோண்டிய குழியும் வரைபடத்தோடு முரண்படவில்லை. ஆகஸ்டில் அந்தக் குழி காய்ந்துதான் இருக்க வேண்டும்.

ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 50 அங்குல மழை, எல்லா மாதங்களிலும் பரவலாகப் பெய்கிறது. கோடையில் பைன் மரங்களும் பயிர்களும் வெயிலும் சேர்ந்து, பெய்ததற்கு மேலாகவே நீரை இழுத்துவிடுகின்றன. நிலத்தடி நீர்மட்டம் மூன்று நான்கு அடிக்குக் கீழே போய்விடும். நவம்பரில் இலை உதிர்ந்து, வெயில் தணிந்ததும் அந்த இழுப்பு நின்றுவிடுகிறது. மழையோ நிற்பதில்லை. நீர்மட்டம் ஏறி, ரெயின்ஸ் மண்ணில் தரையிலிருந்து ஓரடிக்குள் வந்து, ஏப்ரல் வரை அங்கேயே நிற்கும். உங்கள் குழியைப் பிப்ரவரியில் தோண்டியிருந்தால் பாதிக்கு மேல் நீர் ஊறியிருக்கும். மண் தொடர்களுக்கு, அதாவது ஒரேபோன்ற அடுக்கமைப்புள்ள மண் வகைகளுக்கு, இடப்பெயர் வைப்பது வழக்கம். 'ரெயின்ஸ்' என்ற பெயருக்கும் மழைக்கும் தொடர்பில்லை. ஆனால் குளிர்காலத்தில் அந்த நிலத்தில் நிற்பவருக்கு அப்படித் தோன்றினால் குற்றமில்லை.

நீர் வந்து போனதற்கு அது விட்டுச்செல்லும் கையெழுத்துதான் நிறம். மண்ணுக்குச் செம்மையும் மஞ்சளும் பழுப்பும் தருவது இரும்பு. மணல் துகள்மீதும் களித் துகள்மீதும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. மண்ணின் துளைகளை நீர் அடைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சில நாட்களிலேயே தீர்த்துவிடும். அதன் பிறகும் மட்கைத் தின்று உயிர்வாழ அவை முதலில் நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீசையும், அதற்கடுத்து இரும்பையும் ஆக்சிஜனுக்கு ஈடாகப் பயன்படுத்துகின்றன. அப்படி மாறிய இரும்பு நீரில் கரையும். கரைந்த இரும்பு துகளைவிட்டு நகர்ந்துவிட, பூச்சு போன வெறும் துகளின் நிறம் வெளியே தெரிகிறது. அதுதான் நீங்கள் பார்த்த சாம்பல். நகர்ந்த இரும்பு, காற்று புகும் வேர்த்துளை ஓரத்திலும் விரிசல் ஓரத்திலும் மறுபடி ஆக்சிஜனைச் சந்தித்துத் துருவாகப் படிகிறது. அதுதான் நீங்கள் பார்த்த திட்டுகள். நெல் வயலில் வேரைச் சுற்றிச் செந்நிறக் கோடு ஓடுவதை உங்கள் அப்பா எத்தனையோ முறை பார்த்திருப்பார். இங்கே நடப்பதும் அதே வினைதான்.

இந்த வினைக்கு நீர் மட்டும் போதாது. நுண்ணுயிருக்கு உணவும் வெதுவெதுப்பும் வேண்டும். உங்கள் பகுதியில் மண் ஆழத்தில் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதால் குளிர்காலத்திலும் அவை ஓய்வதில்லை. இரும்பு நகர்ந்துபோய்விட்டதால், ஒரு கோடை காய்ந்த மாத்திரத்தில் இந்தச் சாம்பல் நிறம் போய்விடாது. பல நூறு குளிர்காலங்கள் எழுதியதை ஒரு ஆகஸ்டால் அழிக்க முடியாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சாம்பல் நிறமெல்லாம் ஈரத்தின் அடையாளம் என்று எண்ணிவிடாதீர்கள். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, களியும் இரும்பும் கீழே அரித்துச் செல்லப்பட்ட வெளிறிய மணல் அடுக்கு நல்ல வடிகாலுள்ள மண்ணிலும் இருக்கும். அது கழுவிய குவார்ட்ஸ் மணலின் இயல்பு நிறம். ஐயம் வந்தால் துருவைத் தேடுங்கள். சாம்பலும் துருவும் அருகருகே, நிறம் தெளிவாக வேறுபட்டுக் கிடந்தால் இரும்பு அங்கே கரைந்து நகர்ந்திருக்கிறது என்று பொருள். உங்கள் குழியில் இரண்டும் இருக்கின்றன.

இனி அந்தப் பெயர். அமெரிக்க மண் வகைப்பாட்டில் எந்தப் பெயரையும் வால் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். 'பேலியாக்வல்ட்ஸ்' என்பதன் கடைசியில் இருக்கும் 'அல்ட்', அல்டிசால் என்ற பெருவகுப்பைக் குறிக்கிறது. இந்த வகைப்பாட்டில் மொத்தம் 12 பெருவகுப்புகள். அவற்றில் முதிர்ந்து, மழையால் அரிக்கப்பட்டு, சத்து வடிந்துபோனவற்றில் ஒன்று இது. மேலிருந்து இறங்கிய களி கீழே ஓர் அடுக்காகச் சேர்ந்திருக்கும். அதற்கும் கீழே ஆழத்தில் கால்சியம், மக்னீசியம் போன்ற காரச் சத்துகளின் நிறைவு 35 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும். சுருங்கச் சொன்னால், புளிப்பு மண். ரெயின்ஸ் மண்ணைச் சுண்ணாம்பு போடாமல் விட்டால் அமில-கார எண் 5.5-ஐத் தாண்டாது, அந்த நிலையில் அலுமினியம் கரைந்து வேர்களை முடக்கும்.

நடுவில் உள்ள 'அக்வ' நீர். மேலே விவரித்த சாம்பலும் துருவும் களி அடுக்கின் மேற்பகுதியிலேயே இருந்தால்தான் இந்த அசை கிடைக்கும். முன்னால் நிற்கும் 'பேலி', கிரேக்கத்தில் 'பழைய' என்று பொருள். மேற்பரப்பிலிருந்து 150 சென்டிமீட்டர் ஆழம் வரை களியின் அளவு அதன் உச்சத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையாமல் நீள்கிறது. அவ்வளவு ஆழத்துக்குக் களி இறங்கிச் சேர நெடுங்காலம் வேண்டும். உங்கள் நிலம் கடல் பின்வாங்கிப் பல இலட்சம் ஆண்டுகள் ஆன பழைய மேடையில் இருக்கிறது. இன்னும் கிழக்கே, கடலை ஒட்டிய இளைய மேடையில், இதே தோற்றமுள்ள ஈர மண்ணை 'டொமோட்லி' என்ற வேறு தொடரில் வைத்து, 'எண்டோஅக்வல்ட்ஸ்' என்று எழுதுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கலாம், வயது வேறு. 'டிபிக்' என்றால் இந்தக் குழுவுக்கே உரிய மாதிரி, விலக்கான இயல்பு எதுவும் இல்லை என்று பொருள்.

முன்னால் உள்ள அடைமொழிகள் தோட்டக்காரருக்கு மிகவும் பயன்படுபவை. 'ஃபைன்-லோமி' என்பது நம் வழக்கில் களி சேர்ந்த இருமண்பாடு. களி 18 முதல் 35 விழுக்காட்டுக்குள், மீதியில் மணல் கணிசம். ஈரமாக்கி விரல்களுக்கிடையே பிதுக்கினால் குட்டையான நாடாவாக வரும், பிறகு ஒடியும். 'சிலிசியஸ்' என்றால் மணலும் பருவண்டலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குவார்ட்ஸ் போன்ற சிலிக்கா. மெல்லச் சிதைந்து பொட்டாசியமோ கால்சியமோ தரக்கூடிய கனிமம் மிச்சமில்லை. 'செமிஆக்டிவ்' என்றால் களிக்குச் சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரே பாடம்: போட்ட உரத்தை இந்த மண் சேமித்து வைக்காது, சிறுகச் சிறுகப் பிரித்துத்தான் போட வேண்டும். 'தெர்மிக்' என்பது மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 15 முதல் 22 டிகிரி செல்சியஸுக்குள் என்பதைச் சொல்கிறது.

இப்போது, பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருகிறேன். 'வடிகால் குறைந்தது' என்றதும், கீழே ஏதோ கெட்டிப் பாறையோ களித்தட்டோ நீரைத் தடுக்கிறது, அதை உடைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆழ உழவுக் கலப்பையை வாடகைக்கு எடுத்துப் பணத்தைச் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரெயின்ஸ் மண்ணில் அப்படித் தடுக்கும் தட்டு கிடையாது. நீர் அதனூடே மிதமான வேகத்தில் இறங்கத்தான் செய்கிறது. இறங்கிய நீருக்குப் போக இடமில்லை என்பதுதான் குறை. சரிவு நூறடிக்கு இரண்டடிகூட இல்லை, ரெயின்ஸ் பகுதியிலிருந்து ஓடையும் எட்ட இருக்கிறது. கீழிருந்து நீர்மட்டமே ஏறி வருகிறது. எதை உடைத்தாலும் ஏறும் நீர்மட்டம் இறங்காது.

இந்தச் சமவெளியின் அழகான விதி ஒன்று இதிலிருந்துதான் பிறக்கிறது. 1960-களில் ரேமண்ட் டேனியல்ஸ் என்ற மண்ணியலாளரும் அவருடைய சகாக்களும் வட கரோலினாவில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். மலைநாட்டுப் பழக்கத்தில் நாம் மேட்டின் நடுப்பகுதி காய்ந்திருக்கும், பள்ளத்து ஓரம் ஈரமாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே தலைகீழ். இரண்டு ஓடைகளுக்கு இடையே உள்ள அகன்ற தட்டையான மேட்டின் விளிம்பில், ஓடை வெட்டிய சரிவுக்கு அருகில், நீர் பக்கவாட்டில் வடிந்துவிடுவதால் மண் மிக நன்றாகக் காய்கிறது. விளிம்பைவிட்டு உள்ளே போகப்போக நீர் தங்குகிறது. எனவே விளிம்பில் மஞ்சள் நிற நார்ஃபோக், அடுத்து, நீர்மட்டம் குளிர்காலத்தில் இரண்டு மூன்றடிக்குள் வரும் கோல்ட்ஸ்போரோ, அதற்குள்ளே லிஞ்ச்பர்க், அதற்கும் உள்ளே உங்கள் ரெயின்ஸ், நட்டநடுவில் மட்கால் கறுத்துத் தடித்த மேலடுக்குள்ள பான்டெகோ. ஐந்துக்கும் மூலப்பொருள் ஏறத்தாழ ஒன்றுதான். தரையின் உயர வேறுபாடு கண்ணால் பார்த்தால் தெரியாத அளவு. மண்ணை ஐந்து வகையாகப் பிரித்தது விளிம்புக்கும் அதற்குமான தொலைவு. என் பணிக்காலத்தில் எத்தனையோ நிலங்களில் விளிம்பிலிருந்து உள்ளே நடந்து துளையிட்டிருக்கிறேன். ஒவ்வொரு துளையிலும் சாம்பல் நிறம் சில அங்குலம் மேலேறி வருவதைப் பார்க்கும்போது இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

வரைபடத்தில் ஓடைப்பக்கம் கோல்ட்ஸ்போரோ என்று இருக்கிறதே, அது அதனால்தான். அந்தத் துண்டுதான் உங்கள் எட்டு ஏக்கரின் உயிர்.

வீட்டைப் பற்றி முதலில் பேசுவோம். நகராட்சிக் கழிவுநீர் இணைப்பு இல்லாவிட்டால் செப்டிக் தொட்டி வேண்டும். தொட்டியைவிட, கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழாய்ப் பள்ளங்களுக்கு இடம் கிடைப்பதுதான் கேள்வி. வட கரோலினா விதிப்படி, பள்ளத்தின் அடிப்பகுதிக்கும் மண்ணின் ஈரநிலைக்கும் இடையே குறைந்தது 12 அங்குலம் இருக்க வேண்டும். மணற்பாங்கான மண்ணில் 18 அங்குலம். அந்த ஈரநிலையை ஆய்வாளர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் தெரியுமா? மண் நிறங்களை எண்ணிட்டு வைத்திருக்கும் மன்செல் நிறப் புத்தகத்தை மண்கட்டியோடு ஒட்டிப் பிடித்து, நிறச்செறிவு 2 அல்லது அதற்குக் குறைந்த சாம்பல் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று பார்த்துத்தான். குழி ஆகஸ்டில் காய்ந்திருந்தது என்ற வாதம் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. ரெயின்ஸ் மண்ணில் அந்தச் சாம்பல் ஓரடிக்குள்ளேயே தொடங்கிவிடுவதால், சாதாரண முறைக்கு இடமே மிஞ்சாது. மண்ணைக் கொட்டி மேடாக்குவது, கழிவுநீரை முன்கூட்டியே சுத்திகரிப்பது என்று வேறு வழிகள் உண்டு. அவை செலவு மிக்கவை, எல்லா இடத்துக்கும் அனுமதி கிடைப்பதும் இல்லை. வீடும் கழிவுநீர்ப் பள்ளங்களும் கோல்ட்ஸ்போரோ துண்டுக்குள் அடங்குமா என்பதைப் பொறுத்துத்தான் இந்த நிலத்தை வாங்குவதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

வரைபடத்தின் கோட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். விற்பவர் சொல்வதுபோல் அது பழையதாகிவிட்டதால் அல்ல. வரைபடம் பழையதானால் மண் மாறிவிடாது. அந்தக் கோடு பெரிய பரப்புக்காக வரையப்பட்டது. ரெயின்ஸ் என்று குறித்த பகுதிக்குள் லிஞ்ச்பர்க் திட்டுகளும் பான்டெகோ பள்ளங்களும் கலந்திருக்கும். எட்டு ஏக்கருக்குள் கோடு ஐம்பது அடி இப்படி அப்படி நகர்ந்தாலும் உங்கள் வீடு போய்விடும். மாநில உரிமம் பெற்ற மண்ணியலாளர் ஒருவரை அமர்த்தி, துளையிட்டு எல்லை குறிக்கச் சொல்லுங்கள்; பிறகு கவுண்டி சுகாதாரத் துறையின் ஆய்வுக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் 'டியூ டிலிஜன்ஸ்' (வாங்குமுன் சரிபார்க்கும்) காலம் என்று ஒரு தேதி இருக்கும். அதற்குள் விலகினால்தான் பெரிய இழப்பு இல்லாமல் வெளியே வர முடியும். நல்லவேளையாக இந்த ஆய்வுக்குக் குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிறம் எல்லா மாதத்திலும் படிக்கக் கிடைக்கிறது.

வாய்க்கால் வெட்டி வடித்துவிடலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அது பொய்யான யோசனை அல்ல. கிழக்குக் கரோலினாவின் சோளமும் சோயாவும் பெருமளவு அப்படி வடித்த நிலங்களில்தான் விளைகின்றன. வடித்தால் ரெயின்ஸ் நல்ல விளைநிலம். ஆனால் இது நீர்நிறை மண் என்ற அரசுப் பட்டியலில் இருக்கிறது. அதற்குரிய தாவரங்களும் நீர் நிற்கும் அடையாளங்களும் சேர்ந்துவிட்டால் அந்த இடம் சட்டப்படி ஈரநிலம் ஆகலாம். மூன்றும் வேண்டும், மண் மட்டும் போதாது. பண்ணைத் திட்டங்களில் சேர எண்ணம் இருந்தால், 1985 டிசம்பர் 23-க்குப் பின் ஈரநிலத்தைப் பயிருக்காக மாற்றியவர்கள் அமெரிக்க வேளாண்துறைச் சலுகைகளை இழப்பார்கள் என்ற விதியும் உண்டு. தூய நீர்ச் சட்டத்தின்படி ராணுவப் பொறியாளர் படையின் வில்மிங்டன் பிரிவுக்கும் இதில் அதிகாரம் உண்டு. 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தின் எல்லையைச் சுருக்கியது என்றாலும், உங்கள் நிலம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள். ஏற்கெனவே பழைய வாய்க்கால் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அதன் முகப்பில் பலகைத் தடுப்பு வைத்து, தேவையான மாதங்களில் மட்டும் நீரை விடும் முறை சிறந்தது. கோடையில் நீர் தங்கும், ஓடைக்குப் போகும் நைட்ரஜனும் குறையும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெய்ன் ஸ்காக்ஸ் உள்ளிட்டோர் பல பத்தாண்டுகள் உழைத்து வளர்த்த முறை அது.

தோட்டம் பற்றிய கவலை குறைவு. காய்கறிகளை ஓரடி உயர மேட்டுப்பாத்திகளில் வையுங்கள். வசந்தத்தில் மண் சூடேறத் தாமதமாகும், அதற்குப் பொறுமை வேண்டும். ஈரமாக இருக்கும்போது கொத்தவோ உழவோ வேண்டாம். இந்தக் களி அளவில் மண் இறுகிக் கட்டியாகிவிடும். பீச், ஆப்பிள் போன்றவற்றை ரெயின்ஸ் பகுதியில் வைக்காதீர்கள். ஒரு குளிர்காலம் தாண்டினாலும் வேரழுகல் விடாது. அவற்றுக்குக் கோல்ட்ஸ்போரோ மண்ணில் வீட்டுக்குப் போக மிஞ்சும் இடம்தான். புளூபெர்ரிக்கு மட்டும் இந்தப் புளிப்பு பிடித்தமானது; தென்கிழக்கே பிளேடன் கவுண்டியில் அது பெரிய தொழில். மட்கு சேர்த்து மேடாக்கி நட்டால் ரெயின்ஸ் மண்ணிலும் வரும், அதற்குச் சுண்ணாம்பு போட்டுவிடாதீர்கள்.

மற்ற பயிர்களுக்குச் சுண்ணாம்பு எவ்வளவு என்று நான் இங்கிருந்து சொல்வது சரியாகாது. மாநில வேளாண் துறையின் மண் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரையிலான நெரிசல் காலம் தவிர மற்ற மாதங்களில் கட்டணம் இல்லை. அவர்கள் மட்கின் அளவையும் பார்த்து மண்ணை மூன்று பிரிவாக்கி, சாதாரணக் கனிம மண்ணுக்கு 6.0, மட்கு கலந்ததற்கு 5.5, மட்கு மிகுந்ததற்கு 5.0 என்று அமில-கார எண்ணுக்கு இலக்கு வைத்துப் பரிந்துரைப்பார்கள். உங்கள் நிலத்தின் உட்பகுதியில் கறுப்பு மண் தடித்திருந்தால், அங்கே தனி மாதிரி எடுங்கள். ஒரே பையில் கலந்துவிட்டால் இரண்டு இடத்துக்கும் தவறான அளவு வரும்.

மண்ணியலாளர் வருவதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 811 எண்ணை அழைத்து நிலத்தடிக் குழாய், மின்கம்பி எங்கே என்று குறிக்கச் சொல்லிவிட்டு, ஓடை விளிம்பிலிருந்து நிலத்தின் உட்பகுதி நோக்கி ஒரே நேர்கோட்டில், நூறடிக்கு ஒன்றாகத் துளையிடுங்கள். ஒவ்வொன்றிலும் சாம்பலும் துருவும் சேர்ந்து தோன்றும் முதல் ஆழத்தை அங்குலத்தில் எழுதுங்கள். கட்டியை உடைத்துப் பார்க்கும் வேலையை அப்பாவிடம் விடுங்கள். அவை 24 அங்குலத்தைவிட ஆழத்தில் தொடங்கும் துளைகள் எத்தனை என்று தெரிந்தால், அந்தப் பட்டியலையும் நிலத்தின் வரைபடத்தையும் எனக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்பதை அதை வைத்து ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடுவேன்.